சண்முகம்-சானுக்கு வந்த மின்னஞ்சல்

ஒரகடம் பக்கம் ஒரு ஜப்பானிய உதிரிபாகக் கம்பெனியில் கொள்முதல் பிரிவில் சேர்ந்த முதல் வாரம். காலையில் மின்னஞ்சலைத் திறந்தால் ‘டியர் சண்முகம்-சான்’ என்று ஒரு கடிதம். சண்முகம் என் அப்பா. ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். ஜப்பான் என்றால் அவருக்குத் தெரிந்தது ட்ரான்சிஸ்டர் ரேடியோ மட்டும்தான். அவருக்கு எதற்கு நாகோயாவிலிருந்து வால்வு விலைப்பட்டியல் வர வேண்டும்?

கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது. பாஸ்போர்ட் எடுக்கும்போது குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல், எல்லாரையும் போல அப்பா பெயரை எழுதியிருந்தேன். அதைப் பார்த்து ஆபீஸ் பட்டியலில் ஏற்றினார்கள். அந்தப் பட்டியலைப் பார்த்து அங்கிருப்பவர் முறைப்படி, மரியாதையாக, குடும்பப் பெயரோடு சான் சேர்த்து எழுதியிருக்கிறார். அவர் பக்கம் ஒரு தப்பும் இல்லை.

தப்பு நான் எழுதிய பதிலில். அவருடைய கையொப்பத்தில் ‘தனாகா’ என்பது முழுக்கப் பெரிய எழுத்தில் இருந்தது, பக்கத்தில் சின்ன எழுத்தில் ‘கென்ஜி’. (இவை உண்மைப் பெயர்கள் இல்லை, நம்மூரில் ராமசாமி, குப்புசாமி என்று வைத்துக்கொள்வது போல.) முதலில் வருவதுதான் ஆளின் பெயர், பின்னால் வருவது குடும்பம் என்றுதானே ஆங்கிலம் நமக்குச் சொல்லிக்கொடுத்தது? ஆனால் பெரிய எழுத்து குழப்பியது. ஊர்ப் பெயரோ பதவியோ என்று நானாக முடிவுகட்டி ‘டியர் மிஸ்டர் கென்ஜி-சான்’ என்று தட்டி அனுப்பிவிட்டேன். நகல் போனது எட்டுப் பேருக்கு.

எங்கள் பிரிவில் ஒரு மூத்தவர் இருந்தார். பன்னிரண்டு வருடம் ஜப்பான்காரர்களோடு குப்பை கொட்டியவர். என் மேசைக்கு வந்து மெதுவாகச் சொன்னார்: “தம்பி, பொண்ணு பார்க்கப் போன இடத்துல மாமனாரைப் பேர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி இருக்கு. அதுவும் ‘திரு. கென்ஜி அவர்களே அவர்களே’னு.”

அந்த வெட்கத்தில் ஆரம்பித்தது இந்தக் கிறுக்கு. ஆங்கில வாக்கியத்துக்குள் ஒரு ஜப்பானியக் குடும்பப் பெயர் வந்தால் அதற்கு என்னவெல்லாம் ஆகிறது என்று வருடக்கணக்கில் கவனித்துக்கொண்டிருக்கிறேன். சேர்த்து வைத்ததைக் கொஞ்சம் இங்கே கொட்டுகிறேன்.

முதலில் அந்த வரிசை விவகாரம். ஜப்பானில் குடும்பப் பெயர் முன்னால், சொந்தப் பெயர் பின்னால். முன்னாள் பிரதமர் அபே ஷின்சோ, சினிமா இயக்குநர் குரோசவா அகிரா. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில், மெய்ஜி காலத்தில், மேல்நாட்டுக்காரர்களைப் பார்த்து கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டபோது ஆங்கிலத்தில் எழுதுகையில் பெயரையும் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள். வற்புறுத்தித் திணித்தது இல்லை; அவர்களே செய்துகொண்டது. அந்த வழக்கம் நூறு வருடத்துக்கு மேல் ஓடியது. சீனர்களும் கொரியர்களும் பெரும்பாலும் திருப்பிக்கொள்ளவில்லை. அதனால் ஒரே செய்தித்தாளில், ஒரே மாநாட்டுச் செய்தியில், சீன அதிபர் ஷி ஜின்பிங் குடும்பப் பெயரை முன்னால் வைத்துக்கொண்டு நிற்பார், பக்கத்தில் ஷின்சோ அபே பின்னால் வைத்துக்கொண்டு நிற்பார். வாசிப்பவருக்கு எது எதுவென்று எப்படித் தெரியும்? (ஐரோப்பாவிலேயே ஹங்கேரிக்காரர்களுக்கும் இதே கதி. இசையமைப்பாளர் பார்தோக் பேலாவை உலகம் பேலா பார்தோக் ஆக்கிவிட்டது.)

2000ஆம் ஆண்டிலேயே ஜப்பானின் தேசிய மொழி மன்றம், ரோமன் எழுத்தில் எழுதும்போதும் குடும்பப் பெயரை முதலில் எழுதுவதே நல்லது என்று பரிந்துரைத்தது. யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 2019 மே மாதம் அப்போதைய வெளியுறவு அமைச்சர் கோனோ டாரோ, ஷி ஜின்பிங்கையும் தென்கொரிய அதிபராக இருந்த மூன் ஜே-இன்னையும் அவரவர் வரிசையில் எழுதும் வெளிநாட்டுப் பத்திரிகைகள் தங்கள் பிரதமரையும் அபே ஷின்சோ என்று எழுத வேண்டும் என்று கேட்டார். 2020 ஜனவரி 1 முதல் ஜப்பான் அரசின் ஆங்கில ஆவணங்களில் குடும்பப் பெயர் முன்னால் வந்துவிட்டது. குழப்பம் வராமல் இருக்க, தேவைப்பட்ட இடத்தில் குடும்பப் பெயரை முழுக்கப் பெரிய எழுத்தில் போடுவார்கள். என்னைக் கவிழ்த்த அந்தப் பெரிய எழுத்து ரகசியம் இதுதான். எனக்கு உதவி செய்யத்தான் தனாகா அப்படி எழுதியிருந்தார்! லண்டனின் தி எகனாமிஸ்ட் உடனே புது வரிசைக்கு மாறியது. மற்ற ஆங்கில ஊடகங்களில் பெரும்பாலானவை இன்னும் பழைய வரிசையில்தான் ஓடுகின்றன.

சரி, முன்னால் போனால் என்ன, பின்னால் போனால் என்ன என்று கேட்பவர்களுக்கு ஓர் ஆளைக் காட்டுகிறேன். ஜப்பானியத் துப்பறியும் கதைகளின் பிதாமகர் ஹிராய் டாரோ. 1923இல் முதல் கதையை வெளியிட்டவர். அவர் வைத்துக்கொண்ட புனைபெயர் எடோகாவா ராம்போ. மெதுவாக வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். எடோகா... வாரா... ம்போ. எட்கர் ஆலன் போ! அமெரிக்கத் துப்பறியும் கதைகளைத் தொடங்கிவைத்தவரின் பெயரை ஜப்பானிய நாக்கில் உருட்டி, அதில் பாதியைக் குடும்பப் பெயராகவும் மீதியைச் சொந்தப் பெயராகவும் வெட்டி வைத்துக்கொண்டார். இப்போது இதை ஆங்கில வழக்கப்படி திருப்புங்கள்: ராம்போ எடோகாவா. போச்சு. ஆங்கிலத்திலிருந்து போன பெயர் ஆங்கிலத்துக்குத் திரும்பி வரும்போது ஆங்கிலக்காரருக்கே அடையாளம் தெரியாமல் போகிறது.

வரிசையைச் சரியாக வைத்துவிட்டாலும் அடுத்த தலைவலி ஒன்று காத்திருக்கும். ஆங்கிலக் கட்டுரையில் முதல் முறை முழுப்பெயர், இரண்டாம் முறையிலிருந்து குடும்பப் பெயர் மட்டும் என்பது சட்டம் மாதிரி. குரோசவா, மிஷிமா, கவபாத்தா என்று எழுதிக்கொண்டே போகலாம். ஆனால் நாவலாசிரியர் நட்சுமே சோசெகி? அவர் இரண்டாம் முறை ‘நட்சுமே’ ஆக மாட்டார், ‘சோசெகி’ ஆவார். அது புனைபெயர், ஜப்பானியரே அப்படித்தான் சொல்கிறார்கள். டோகுகாவா இயேயாசு என்ற ஷோகன் இரண்டாம் முறை ‘இயேயாசு’. டோகுகாவா என்று மட்டும் எழுதினால் பரம்பரையில் பதினைந்து ஷோகன்கள் திரும்பிப் பார்ப்பார்கள். மெய்ஜி காலம் தொடங்கிய 1868க்கு முந்தைய ஆள் என்றால் ஜப்பானிய வரிசை, பிந்தையவர் என்றால் மேல்நாட்டு வரிசை என்று ஆங்கிலக் கலைக்களஞ்சியங்களில் ஒரு வழக்கமும் உண்டு. பிறந்த வருடத்தைப் பார்த்துவிட்டுத்தான் ஒருவரின் பெயரை எழுத முடியும் என்றால் அது என்ன இலக்கணமோ!

இன்னொரு விதிவிலக்கு பேஸ்பால் மைதானத்தில். சுசூகி இச்சிரோ. ஜப்பானில் சாதோவுக்கு அடுத்தபடி மலிந்து கிடக்கும் குடும்பப் பெயர் சுசூகி. மைதானத்தில் ‘சுசூகி’ என்று கத்தினால் பார்வையாளர்களில் பாதிப்பேர் எழுந்து நிற்பார்கள். அதனால் 1994இல் அவருடைய அணி அவர் பெயரை வெறுமனே ‘இச்சிரோ’ என்று பதிவு செய்தது. 2001இல் அமெரிக்காவின் சியாட்டில் அணிக்குப் போனபோதும் முதுகில் அதே இச்சிரோதான். மற்ற ஆட்டக்காரர்கள் எல்லாரும் குடும்பப் பெயரைச் சுமந்து ஓட, இவர் மட்டும் அம்மா கூப்பிடும் பெயரோடு ஓடினார்.

பேஸ்பால் என்றதும் இன்னொருவர். ஓ சடஹாரு. தொழில்முறை ஆட்டத்தில் 868 ஹோம் ரன் அடித்தவர், உலக சாதனை. அப்பா சீனர், ‘வாங்’ என்ற சீனக் குடும்பப் பெயரின் ஜப்பானிய உச்சரிப்பு ‘ஓ’. நெடில் ஓ, அவ்வளவுதான், அதுவே முழுப் பெயர். ஆங்கிலத்தில் ஓ என்ற ஒற்றை எழுத்தை மட்டும் போட்டால் பூஜ்யம் மாதிரி இருக்கும் என்பதால் பின்னால் ஓர் எச் சேர்த்தார்கள். அதுவோ ஆங்கிலத்தில் ஆச்சரியக் கூச்சல். ‘ஓ பந்தை விளாசினார்’ என்ற சாதாரண வாக்கியம் ஆங்கிலத்தில் ‘அடடே, பந்தை விளாசினார்’ என்று கேட்கும்.

இந்த நெடில் ஓ-தான் எனக்குப் பிடித்த சிக்கல். ஜப்பானியத்தில் ‘ஓனோ’ என்றும் ‘ஒனோ’ என்றும் இரண்டு குடும்பப் பெயர்கள் உண்டு. நெடிலில் ஆரம்பித்தால் ‘பெரிய வயல்வெளி’. குறிலில் ஆரம்பித்தால் ‘சின்ன வயல்வெளி’. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே மூன்றெழுத்து. பெரியதும் சின்னதும் ஒன்றாகிவிட்டது. ஜான் லெனனின் மனைவி யோகோ எந்த வயல் என்று ஆங்கிலத்தில் எவ்வளவு படித்தாலும் தெரியாது. அவர் சின்ன வயல். யோகோ ஒனோ. பாருங்கள், தமிழில் எழுதியதுமே விடை வந்துவிட்டது. ஆங்கிலத்தில் நெடிலைக் காட்ட எழுத்துக்கு மேலே கோடு போட வேண்டும். அந்தக் கோடு பாஸ்போர்ட்டில் வராது, விமான டிக்கெட்டில் வராது, விளையாட்டுச் சட்டையில் வராது. கேட்டு விண்ணப்பித்தால் பாஸ்போர்ட்டில் ஓர் எச் சேர்த்துக்கொள்ள ஜப்பான் அனுமதிக்கிறது. பேஸ்பால் நட்சத்திரம் ஓதானி ஷோஹெய் சட்டையில் நடுவில் நிற்கும் எச் அந்த வகைதான். நோபல் வாங்கிய எழுத்தாளர் ஓஎ கென்சபுரோ அதுவும் இல்லாமல் வெறும் இரண்டு உயிரெழுத்தாக ஆங்கிலப் புத்தக அட்டையில் நின்றார். அதை எப்படி வாசிப்பது என்று தெரியாமல் தவித்த ஆங்கில வாசகர்கள் எத்தனையோ பேர்.

நாமும் ஒரு காலத்தில் இப்படித்தான் இருந்தோம். ஓலைச்சுவடியில் ஒ-வும் ஓ-வும் கண்ணுக்கு ஒன்றாகவே தெரிந்தன. சுழித்துப் பிரித்த பெருமையை வீரமாமுனிவருக்குக் கொடுத்துப் பள்ளியில் பாடம் நடத்தினார்கள். இத்தாலியிலிருந்து வந்த பாதிரியார் செய்த காரியம், ஜப்பானிய வயலின் அளவைத் தமிழில் காட்ட உதவுகிறது.

ரொம்பவும் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ள வேண்டாம். ‘கோத்தோ’ என்று ஒரு குடும்பப் பெயரைத் தமிழில் எழுதினால், முதலெழுத்து காந்தியின் க-வா, காமராஜரின் க-வா என்று தெரியாது. ஜப்பானியரிடம் கேட்டால் காந்தியின் க என்பார்கள். அங்கே ஆங்கிலம் ஜெயிக்கிறது. ஜெயித்த கையோடு தோற்கிறது: கோத்தோவை ஆங்கில எழுத்தில் எழுதினால் ‘கோ டூ’ என்று வாசிக்கலாம், ‘போ’ என்று அர்த்தம்! பழைய கணினி மொழிகளில் புரோகிராம் எழுதியவர்களுக்கு அந்தச் சொல் எவ்வளவு பழக்கம் என்று சொல்ல வேண்டியதில்லை.

இந்தக் கூத்தில் முதல் பரிசு டென்னிஸ் வீராங்கனை தாத்தே கிமிகோவுக்கு. 1995இல் உலகத் தரவரிசையில் நான்காம் இடம். 1996 விம்பிள்டன் அரையிறுதியில் ஸ்டெஃபி கிராஃபை எதிர்த்து ஆடி, இருட்டிவிட்டதால் மறுநாள் வரை ஆட்டத்தை இழுத்தவர். அவர் குடும்பப் பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் ‘டேட்’ ஆகிவிடும். ‘தேதி ஜெயித்தது’, ‘தேதி காயத்தால் விலகல்’. காதலர் சந்திப்பு என்ற அர்த்தத்தில் வாசித்தால் இன்னும் மோசம். விளையாட்டுப் பக்க உதவி ஆசிரியர்களுக்குத் தீபாவளி.

இன்னொரு டென்னிஸ் வீராங்கனை ஒசாகா நவோமி கதை வேறு. பிறந்தது ஒசாகா நகரத்தில், அம்மாவழி வந்த குடும்பப் பெயரும் ஒசாகா. (ஜப்பானிய எழுத்தில் நகரத்துக்கும் பெயருக்கும் ஓர் எழுத்து வித்தியாசம் இருக்கிறது. ஆங்கிலத்தில் அதுவும் கிடையாது. இதுவும் நெடிலில் தொடங்கும் பெயர்தான். ஆனால் இந்த நகரத்தை ‘ஓசாகா’ என்று எழுதினால் நம் ஆட்கள் அடிக்க வருவார்கள், எனவே விட்டுவிட்டேன்.) 2019இல் பான் பசிஃபிக் போட்டி ஒசாகாவில் நடந்தது, கோப்பை வாங்கியவர் ஒசாகா. ‘ஒசாகாவில் ஒசாகா வென்றார்’. உண்மையாகவே அப்படித்தான் தலைப்புப் போட முடியும்.

இந்த சான் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் தினமும் கைவைப்பது இதில்தான். சான் என்பது ஆணா பெண்ணா, திருமணமானவரா ஆகாதவரா என்று எதையும் கேட்காது. பார்த்தே இராத ஒருவருக்கு ஆங்கிலத்தில் எழுதும்போது மிஸ்டரா மிஸ்ஸா என்று தலையைச் சொறிய வேண்டாம். அதனாலேயே ஜப்பானியரோடு புழங்கும் ஆபீஸ்களில் ஆங்கில மின்னஞ்சலிலும் சான் நிலைத்துவிட்டது. செய்யக்கூடாதவை இரண்டு. மிஸ்டரையும் சானையும் சேர்த்துப் போடக்கூடாது. தன் பெயரோடு தானே சான் போட்டுக்கொள்ளக்கூடாது. ‘நான் சண்முகம்-சான் பேசுறேன்’ என்று போனில் சொன்னால், அது ‘நான் திருவாளர் சண்முகம் அவர்கள் பேசுகிறேன்’ என்பது மாதிரி. அப்படி நம்மூர் அரசியல்வாதிகூடச் சொல்ல மாட்டார்.

மூன்றாவது ஒன்று உண்டு, அது கொஞ்சம் நுணுக்கம். வாடிக்கையாளரிடம் தன் மேலதிகாரியைப் பற்றி ஜப்பானியத்தில் பேசும்போது, அவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் சான் போட மாட்டார்கள். ‘தனாகா வெளியே போயிருக்கிறார்’ என்பதில் ஜப்பானியர் வெறும் ‘தனாகா’ என்பார். நம்ம வீட்டு ஆளை வெளியாளிடம் உயர்த்திப் பேசக்கூடாது என்பது அங்குள்ள பண்பு. நாமோ நேர் எதிர்: வெளியாளிடம் போய் ‘அப்பா வெளிய போயிருக்கான்’ என்று சொல்ல நாக்கு வருமா? அதே ஜப்பானியர் ஆங்கிலத்தில் எழுதும்போது பார்த்திருக்கிறேன், ‘தனாகா-சான் பதில் அனுப்புவார்’ என்று தாராளமாக எழுதுகிறார். ஆங்கிலத்துக்குள் வந்ததும் சான் தன் உள்வீடு, வெளிவீடு கணக்கை எல்லாம் மறந்து வெறும் மரியாதை ஒட்டாகிவிடுகிறது.

‘தி கராத்தே கிட்’ படம் பார்த்திருப்பீர்கள், 1984இல் வந்தது. அதில் அமெரிக்கப் பையன் கிழவரை ‘மிஸ்டர் மியாகி’ என்பான்: ஆங்கில அடைமொழி, ஒகினாவா குடும்பப் பெயர். கிழவர் பையனை ‘டேனியல்-சான்’ என்பார்: ஆங்கிலச் சொந்தப் பெயர், ஜப்பானிய ஒட்டு. இரண்டு பேரும் அவரவர் மரியாதையை எதிராளியின் பெயரில் ஒட்டிப் பரிமாறிக்கொள்கிறார்கள். அந்த இரண்டு விளிகளும் எனக்குப் படத்தின் சண்டைகளைவிடப் பிடிக்கும்.

இதெல்லாம் மனிதர்களைக் குறிக்கும்போது. ஆங்கிலத்தில் இந்தப் பெயர்களில் சில மனிதரை விட்டுவிட்டு ஓடிவிட்டன. ‘ஒரு ஹோண்டா’, ‘இரண்டு சுசூகிகள்’ என்று எண்ணிக்கை போட்டு ஆங்கிலத்தில் எழுதலாம். குடும்பப் பெயர் பொருளாகிவிட்டது. ஓசூர் தொழிற்சாலையில் டிவிஎஸ்ஸோடு கூட்டு வைத்து 1984இலிருந்து சுசூகி பைக் இறங்கியபோது, பெட்ரோல் டாங்கில் ஒட்டியிருந்தது ஹமாமட்சு நகரத்துத் தறிக்காரர் ஒருவரின் குடும்பப் பெயர் என்று நம்மில் எத்தனை பேர் நினைத்தோம்? சுசூகி மிச்சியோ தறி செய்து விற்றவர். யமஹா டொரகுசு ஆர்மோனியம் பழுது பார்த்தவர். டொயோட்டா குடும்பத்தின் பெயர் உண்மையில் டொயோடா, கடைசி எழுத்து மெலிது, கம்பெனிக்காக வல்லினமாக்கினார்கள். அப்படி எழுதினால் ஜப்பானிய எழுத்தில் எட்டுக் கோடு வருகிறது, எட்டு அவர்களுக்கு ராசி. ஆகவே ‘டொயோட்டாவின் தலைவர் டொயோடா’ என்று எழுதினால் அச்சுப்பிழை இல்லை. மஸ்தா என்பது மட்சுடா என்ற குடும்பப் பெயரோடு பாரசீகக் கடவுள் பெயரையும் கலந்தது. ஜப்பானியர் இன்றும் அந்தக் காரை மட்சுடா என்றுதான் சொல்கிறார்கள். எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிடுவது டயர்க்காரர் இஷிபாஷி. அந்தப் பெயருக்குக் கல் பாலம் என்று பொருள். ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, முன்பின்னாகப் புரட்டி, 1931இல் பிரிட்ஜ்ஸ்டோன் என்று கம்பெனிக்குப் பெயர் வைத்தார். ஆங்கிலம் பெயரைத் திருப்பும் என்று தெரிந்து குடும்பப் பெயருக்குள்ளேயே திருப்பிக்கொண்ட ஆள்.

மாருதியை நமக்குக் கொண்டுவந்த சுசூகி ஒசாமு பிறப்பால் சுசூகி இல்லை என்பது இன்னொரு விசேஷம். பிறந்தபோது மட்சுடா. (மஸ்தா குடும்பத்தோடு முடிச்சுப் போட வேண்டாம், அந்தப் பெயர் அங்கே தெருவுக்குத் தெரு.) சுசூகி மிச்சியோவின் பேத்தியைக் கட்டிக்கொண்டு, பெண் வீட்டுப் பெயரை எடுத்துக்கொண்டார். ஆண் வாரிசு இல்லாத வீட்டில் மாப்பிள்ளையைத் தத்தெடுப்பது அங்கே பழைய பழக்கம். இயற்பியலில் முதல் ஜப்பானிய நோபல், 1949, யுகாவா ஹிதெகி. அவரும் பிறப்பால் ஒகாவா. 1932இல் யுகாவா வீட்டு மாப்பிள்ளையானவர். உலகமெங்கும் ஆங்கிலப் பாடநூல்களில் நிற்கும் ‘யுகாவா’ அவர் மனைவி வீட்டுப் பெயர். ஆனால் இதை வைத்து ஜப்பான் பெண்களுக்கு நியாயம் செய்கிறது என்று முடிவுகட்டிவிடாதீர்கள். கணவனும் மனைவியும் ஒரே குடும்பப் பெயரைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும் என்று அங்கே சிவில் சட்டத்தின் 750ஆம் பிரிவு சொல்கிறது. யார் பெயர் என்பது அவர்கள் விருப்பம். நடப்பில் சுமார் 95 சதவீதம் பேரில் மாறுவது மனைவி. தனித்தனிப் பெயர் வேண்டும் என்று போன வழக்குகளை 2015இலும் 2021இலும் உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது. எனக்கு இது அநியாயமாகத்தான் படுகிறது.

குடும்பப் பெயர் காராகும்போது நோயாகவும் ஆகலாமே. போன வருடம் சித்தி தைராய்டு பரிசோதனை முடிவோடு வந்தாள். “என்னமோ ஹாஷிமோட்டோவாம்டா. ஏதோ மாப்பிள்ளை பேர் மாதிரி இருக்கு.” ஆங்கிலத்தில் இந்த நோயாளிகள் பேசுவதைக் கேட்டால் இன்னும் வேடிக்கை. ‘ஹாஷிமோட்டோவின் தைராய்டு அழற்சி’ என்பதில் நோயை வெட்டிவிட்டு, ‘எனக்கு ஹாஷிமோட்டோவினது இருக்கிறது’ என்று உடைமை உருபோடு நிறுத்திக்கொள்வார்கள். சித்திக்கு ஆளைப் பற்றிச் சொன்னேன். ஹாஷிமோட்டோ ஹகாரு, இளம் டாக்டர், நான்கு நோயாளிகளை வைத்து 1912இல் எழுதிய கட்டுரை. எழுதியது ஜெர்மன் மொழியில். ஊருக்குத் திரும்பி அங்கேயே வைத்தியம் பார்த்து 1934இல் இறந்துபோனார். பெயர் ஆங்கிலத்தில் பரவியதெல்லாம் அப்புறம். “பாவம்” என்றாள் சித்தி, மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டே.

அமெரிக்கப் புயல் செய்திகளில் 2007 வரை எஃப்5 சூறாவளி என்று வந்துகொண்டிருந்தது. அந்த எஃப், ஃபுஜிதா. சிகாகோ பல்கலைக்கழகத்தில் இருந்த ஃபுஜிதா டெட்சுயா 1971இல் போட்ட அளவுகோல். குடும்பப் பெயர் ஓர் எழுத்தாகச் சுருங்கி நம்பரோடு ஒட்டிக்கொண்டது. நம்ம இனிஷியல் மாதிரி. அதே அமெரிக்காவில் ‘கொரெமட்சு’ என்றால் ஒரு தீர்ப்பு. ஜப்பானிய வம்சாவளியினரை முகாம்களுக்கு விரட்டியதை எதிர்த்துப் போராடிய ஃப்ரெட் கொரெமட்சு 1944இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார். ‘கொரெமட்சு தவறு’ என்று சட்டப் புத்தகங்களில் வாக்கியம் வரும். தவறு செய்தது அவர் இல்லை, அவருக்கு எதிராக வந்த தீர்ப்பு. அவர் பெயர்தான் அந்தப் பழியைச் சுமக்கிறது. இந்தப் பட்டியலில் என்னால் சிரிக்க முடியாத ஒரே இடம் இது.

தனாகா ஒருமுறை சென்னை வந்தார். மதியம் வாழையிலைச் சாப்பாடு. ரசம் வந்தபோது கேட்டார், உங்கள் குடும்பப் பெயர் சண்முகம் என்றால் அது எந்த ஊரிலிருந்து வந்தது, என்ன அர்த்தம் என்று. அவர்கள் ஊரில் அப்படிக் கேட்கலாம். தனாகா என்றால் வயல் நடுவே, யமமோட்டோ என்றால் மலையடிவாரம், கோபயாஷி என்றால் சின்னக் காடு. 1875இல் எல்லாரும் குடும்பப் பெயர் வைத்தே ஆக வேண்டும் என்று அரசு சட்டம் போட்டபோது, அதுவரை பதிவில் பெயரில்லாத குடியானவர்கள் பலர் கண்ணெதிரே தெரிந்ததைப் பெயராக்கிக்கொண்டார்கள். நான் விளக்கினேன்: எங்களுக்குக் குடும்பப் பெயரே கிடையாது, சண்முகம் என் அப்பா, என் பிள்ளைக்கு என் பெயர்தான் இனிஷியலாக வரும், சண்முகம் என்னோடு முடிந்தது.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு யோசித்தார். “எங்கள் நாட்டில் குடும்பப் பெயர் இல்லாத குடும்பம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது” என்றார். “சக்கரவர்த்தி குடும்பம்.”

இனி உங்கள் சொந்தப் பெயரையே எழுதட்டுமா என்று கேட்டார். வேண்டாம், பழகிவிட்டது என்றேன். அப்பாவிடம் இதைச் சொன்னதற்கு, விலைப்பட்டியலை ஒழுங்காகப் படித்துப் பார்த்தாயா என்றார்.

தமிழில் எழுதும் நண்பர்களுக்கும் பத்திரிகைகளில் இருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நம் வழக்கத்தில் ‘ச.’ முன்னால் நிற்கும், பெயர் பின்னால் வரும். அப்பாவை முதலில் சொல்லிவிட்டுப் பிள்ளையைச் சொல்லும் வரிசை அது. ஜப்பானியரும் அதே பக்கம்தான் நிற்கிறார்கள். பாஸ்போர்ட்டில் என் சண்முகத்தைப் பின்னால் தள்ளியதும், அபேயைப் பின்னால் தள்ளியதும் ஒரே கைதான். அப்படியிருக்க ஜப்பானியப் பெயரை ஆங்கிலம் திருப்பிப் போட்டபடியே வாங்கி நாம் ஏன் அச்சடிக்க வேண்டும்? அபே ஷின்சோ, முரகாமி ஹருகி, குரோசவா அகிரா என்று எழுதினால் தமிழ் வாசகருக்கு ஒன்றும் குடிமுழுகிப் போகாது. அந்த ஆளே ஆங்கில வரிசையை விரும்பினால், இங்கிலாந்து எழுத்தாளர் கசுவோ இஷிகுரோ மாதிரி, அவர் இஷ்டப்படி விட்டுவிடலாம். மற்றவர்களைப் பழக்க தோஷத்தில் திருப்பிப் போட்டாலும் போடுங்கள், எடோகாவா ராம்போவை மட்டுமாவது திருப்பாதீர்கள்.